விமான சிமுலேட்டரின் காக்பிட் கருவிகளைப் பல மானிட்டர்களுக்கு ஏற்ப அமைத்தல்

ஒரே மானிட்டரில் விமான சிமுலேட்டரை ஓட்டுபவர், ஓடுபாதையைப் பார்க்க வேண்டுமா, கருவிகளைப் படிக்க வேண்டுமா என்று ஒவ்வொரு தரையிறக்கத்திலும் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது மானிட்டர் ஒன்றை இணைத்ததும் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று தோன்றும். ஆனால் கருவிகளை மவுஸால் பிடித்து அடுத்த திரைக்கு இழுத்து, மூலையைப் பிடித்துப் பெரிதாக்கியவுடன், வட்டமாக இருந்த உயரமானி நீள்வட்டமாகிவிடுகிறது, எழுத்துகள் மங்குகின்றன, சிமுலேட்டரை மூடித் திறந்தால் எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகின்றன. கருவிகள் எங்கே, எந்த அளவில் நிற்க வேண்டும் என்பதை எண்களாகக் கணக்கிட்டு, அந்த எண்களைக் கோப்பில் எழுதிவிட்டால் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை வராமலே போகும். அந்தக் கணக்கைத்தான் இந்த வழிகாட்டி விளக்குகிறது.

எடுத்துக்காட்டாக, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ், அதாவது எஃப்எஸ்எக்ஸ், அதிலுள்ள செஸ்னா 172 விமானம் ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறேன். பழைய மென்பொருள்தான், ஆயினும் கருவிகளின் இருப்பிடத்தை வெறும் எழுத்துக் கோப்பு ஒன்றில் திருத்த முடியும் என்பதால், கற்றுக்கொள்ள இதைவிட வசதியானது வேறில்லை. லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் பிரிப்பேர்3டியும் இதே கோப்பு முறையைப் பின்பற்றுகிறது. புதிய சிமுலேட்டர்களில் எது மாறும் என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் அளவுகள்

செஸ்னா போன்ற சிறிய விமானங்களில் முதன்மைக் கருவிகளைப் பொருத்தும் துளை மூன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவானது. துல்லியமாகச் சொன்னால் 3.125 அங்குலம், அதாவது சுமார் 79.4 மில்லிமீட்டர். சிறிய கருவிகளுக்கு 2.25 அங்குலம், அதாவது சுமார் 57 மில்லிமீட்டர். உங்கள் திரையில் இந்த அளவு எத்தனை பிக்சல் ஆகும் என்பதே முதற் கேள்வி. அதற்கு, திரையில் படம் தெரியும் பகுதியின் அகலத்தை ஒரு ஸ்கேலால் மில்லிமீட்டரில் அளந்து, அந்தத் திரையின் கிடைமட்டப் பிக்சல் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

1920க்கு 1080 பிக்சல் கொண்ட 24 அங்குல மானிட்டரின் அகலம் ஏறத்தாழ 531 மில்லிமீட்டர். அதை 1920ஆல் வகுத்தால் ஒரு பிக்சல் 0.277 மில்லிமீட்டர் என்று வரும். எனவே உண்மை அளவிலான வேகமானிக்கு 287 பிக்சல் தேவை. 1280க்கு 1024 பிக்சல் கொண்ட பழைய 19 அங்குல மானிட்டரில் ஒரு பிக்சல் 0.294 மில்லிமீட்டர், அங்கு அதே வேகமானிக்கு 270 பிக்சல் போதும், சிறிய கருவிக்கு 194. அலுவலகங்கள் கழித்துக்கட்டிய இந்த 19 அங்குல மானிட்டர்களைக் குறைந்த விலைக்குப் பலரும் வாங்குகிறார்கள். அகலமும் உயரமும் 5க்கு 4 என்ற விகிதத்தில் இருப்பதால், நான்கு கருவிகள் அகலமும் மூன்று கருவிகள் உயரமுமாக அடுக்குவதற்கு அது ஒரு நவீன அகலத்திரையைவிடப் பொருத்தமானது என்பது என் கருத்து. எனவே 24 அங்குலத் திரையில் வெளிக்காட்சி, அதன் கீழே 19 அங்குலத் திரையில் கருவிகள் என்ற அமைப்பையே இங்கே எடுத்துக்கொள்வோம்.

கருவித் திரையை வைக்கும் கோணத்தையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். பழைய எல்சிடி மானிட்டர்களில் பல டிஎன் வகையைச் சேர்ந்தவை. அவற்றை மேலிருந்தோ கீழிருந்தோ சாய்வாகப் பார்த்தால் நிறம் வெளிறும் அல்லது இருளும். திரையின் மேல் விளிம்பைப் பின்னால் சாய்த்து, உங்கள் பார்வை அதன் நடுவில் செங்குத்தாக விழும்படி நிறுத்தினால் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள் தெளிவாகத் தெரியும்.

விண்டோஸில் திரைகளின் இருப்பிடம்

விண்டோஸ் எல்லாத் திரைகளையும் சேர்த்து ஒரே பெரிய வரைபடத்தாளாகவே கருதுகிறது. முதன்மைத் திரையின் இடது மேல் மூலைதான் அந்தத் தாளின் சுழியப் புள்ளி. வலப்பக்கம் போகப் போகக் கிடைமட்ட எண்ணும், கீழே போகப் போகச் செங்குத்து எண்ணும் கூடும். முதன்மைத் திரைக்கு இடப்புறம் வைத்த திரையின் கிடைமட்ட எண்கள் குறை எண்களாக இருக்கும் என்பது பலருக்குத் தெரியாததால், அங்கே வைத்த விண்டோ காணாமற் போய்விட்டது என்று தேடுவார்கள். டிஸ்பிளே செட்டிங்ஸ் பக்கத்தில் எண்ணிட்ட கட்டங்களை இழுத்து, 19 அங்குலத் திரையை முதன்மைத் திரையின் அடியில் நடுவாக ஒட்டி வையுங்கள். 1920இலிருந்து 1280ஐக் கழித்துப் பாதியாக்கினால் 320. ஆகவே கீழ்த் திரையின் இடது மேல் மூலை கிடைமட்டத்தில் 320, செங்குத்தில் 1080 என்ற புள்ளியில் நிற்கும். இந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே பக்கத்தில் இரு திரைகளின் அளவுப்பெருக்கத்தையும் 100 விழுக்காட்டுக்குக் கொண்டுவர வேண்டும். முதன்மைத் திரையில் 125 என்றும் கீழ்த் திரையில் 100 என்றும் விட்டுவிட்டால், விண்டோஸ் பழைய மென்பொருளின் விண்டோவைத் தானே நீட்டி வரைவதால் கருவிகள் மங்கலாகும். நீங்கள் கணக்கிட்ட இடமும் தப்பும். கண்பார்வை காரணமாகப் பெருக்கத்தைக் குறைக்க முடியாதவர்கள், சிமுலேட்டரை இயக்கும் கோப்பின் பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பகுதிக்குச் சென்று, உயர் டிபிஐ அமைப்பில் பெருக்கத்தை அந்த மென்பொருளிடமே விட்டுவிடும் தேர்வைக் குறியிடலாம்.

பேனல் கோப்பு

எஃப்எஸ்எக்ஸ் நிறுவப்பட்ட கோப்புறைக்குள் சிம்ஆப்ஜெக்ட்ஸ், அதற்குள் ஏர்பிளேன்ஸ், அதற்குள் சி172 என்று போனால் பேனல் என்ற கோப்புறை இருக்கும். அதிலுள்ள பேனல்.சிஎஃப்ஜி என்ற கோப்பே நாம் திருத்தப்போவது. கோப்பில் எல்லாச் சொற்களும் ஆங்கில எழுத்தில் இருக்கும். இங்கே அவற்றை ஒலிப்படி தருகிறேன்.

மூலக் கோப்பில் கை வைக்க வேண்டாம். பேனல் கோப்புறை முழுவதையும் நகலெடுத்து, பெயருக்குப் பின் ஒரு புள்ளியிட்டு உங்களுக்குப் பிடித்த சொல் ஒன்றைச் சேருங்கள். பிறகு விமானத்தின் ஏர்கிராஃப்ட்.சிஎஃப்ஜி கோப்பைத் திறந்து, எஃப்எல்டிசிம் என்று தொடங்கும் பகுதிகளில் ஒன்றை நகலெடுத்துக் கடைசிப் பகுதிக்கு அடுத்து ஒட்டி, அடுத்த வரிசை எண்ணைக் கொடுத்து, டைட்டில் வரியில் வேறெங்கும் இல்லாத பெயர் ஒன்றையும், பேனல் என்ற வரியில் நீங்கள் புள்ளிக்குப் பின் சேர்த்த சொல்லையும் எழுதினால், விமானப் பட்டியலில் இரட்டைத் திரைக்கான செஸ்னா தனியாகத் தோன்றும், பழையதும் அப்படியே இருக்கும். எஃப்எஸ்எக்ஸ் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் இருந்தால், நோட்பேடை நிர்வாகி அனுமதியுடன் திறந்தால்தான் மாற்றங்கள் உரிய கோப்பில் சேமிக்கப்படும்.

பேனல் கோப்பின் தொடக்கத்தில் விண்டோ டைட்டில்ஸ் என்ற பகுதியில் விண்டோக்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும். அதன் கீழ் ஒவ்வொரு விண்டோவுக்கும் ஒரு பகுதி. பட்டியலின் இறுதியில் அடுத்த எண்ணில் புதிய விண்டோ ஒன்றைச் சேர்த்து, கீழ்த் திரைப் பேனல் என்பது போல ஆங்கில எழுத்தில் ஒரு பெயரைக் கொடுங்கள். பிறகு அதே எண்ணில் ஒரு புதிய பகுதியைத் தொடங்கி, அதில் சில வரிகளை எழுத வேண்டும். ஐடென்ட் வரிக்கு வேறெந்த விண்டோவிலும் வராத ஓர் எண், சான்றாக 15000. விசிபிள் வரிக்குச் சுழியம். அப்போதுதான் நீங்கள் கேட்கும்போது மட்டும் அது திறக்கும். பொசிஷன் வரிக்கும் சுழியம். இடது மேல் மூலை என்பது இதன் பொருள். பேக்ரவுண்ட் கலர் வரியில் மூன்று சுழியங்களைத் தவிர்த்து 2, 2, 2 என்று எழுதுவது நல்லது. முழுக் கறுப்பை இந்தப் பேனல் முறை ஒளிபுகும் நிறமாகக் கொள்வது உண்டு.

முக்கியமானது சைஸ் எம்எம் என்ற வரி. பெயரில் மில்லிமீட்டர் இருந்தாலும், பின்னணிப் படம் இல்லாத விண்டோவில் அது கருவிகளை வைப்பதற்கான கட்டத்தின் அளவு, அவ்வளவே. அதில் 1280, 1024 என்று எழுதினால் விண்டோவின் அகலத்தை 1280 பங்காகவும் உயரத்தை 1024 பங்காகவும் சிமுலேட்டர் பிரித்துக்கொள்ளும். இந்த எண்களையும் விண்டோவின் உண்மையான பிக்சல் எண்களையும் ஒன்றாக்கிவிட்டால், ஒரு பங்கு என்பது ஒரு பிக்சல் ஆகிவிடும். மேலே கணக்கிட்ட 270ஐயும் 194ஐயும் அப்படியே எழுதலாம்.

இங்கே ஒரு சிறு கண்ணி இருக்கிறது. பிரித்து எடுக்கப்பட்ட விண்டோவுக்குத் தலைப்புப் பட்டையும் விளிம்பும் உண்டு. திரை 1280க்கு 1024 என்றாலும் கருவிகளுக்குக் கிடைக்கும் இடம் அதைவிடக் குறைவு. விண்டோவைக் கீழ்த் திரை நிறையும்படி ஒருமுறை வைத்து, பிரிண்ட் ஸ்கிரீன் விசையை அழுத்தி, படத்தைப் பெயிண்ட் மென்பொருளில் ஒட்டுங்கள். உட்பகுதியின் இடது மேல் மூலையிலும் வலது கீழ் மூலையிலும் சுட்டியை நிறுத்தினால் அடியில் பிக்சல் எண்கள் தெரியும். கழித்தால் உள்ளளவு வந்துவிடும். அது 1264க்கு 984 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சைஸ் எம்எம் வரியில் இன்னும் 1280, 1024 என்றே இருந்தால், 270 பங்குள்ள கருவி ஏறத்தாழ 267 பிக்சல் அகலமும் 259 பிக்சல் உயரமுமாக நசுங்கும். ஸ்கேலால் அளந்தால் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். வேகமானியில் இது தெரியாமல் போகலாம், சாய்வைக் காட்டும் ஆட்டிட்யூட் இண்டிகேட்டரில் கண்ணை உறுத்தும். எனவே அந்த வரியை 1264, 984 என்று மாற்றிவிடுங்கள்.

அடுத்து கருவிகள். முதன்மைப் பேனலின் பகுதியில் கேஜ் என்று தொடங்கும் வரிகளைப் புதிய பகுதிக்கு நகலெடுத்து, எண்களைச் சுழியத்திலிருந்து தொடர்ச்சியாகத் திருத்துங்கள். சமக்குறிக்கு அடுத்துள்ள கருவியின் பெயரைத் தொடக் கூடாது; அதன்பின் காற்புள்ளியிட்டு வரும் நான்கு எண்களே நமக்குரியவை. அவை முறையே இடமிருந்து தொலைவு, மேலிருந்து தொலைவு, அகலம், உயரம்.

செஸ்னாவின் ஆறு முதன்மைக் கருவிகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு: மேல் வரிசையில் வேகமானி, ஆட்டிட்யூட் இண்டிகேட்டர், உயரமானி; கீழ் வரிசையில் டர்ன் கோஆர்டினேட்டர் (திரும்பும் வீதம்), ஹெடிங் இண்டிகேட்டர் (திசை), வெர்டிக்கல் ஸ்பீடு இண்டிகேட்டர் (ஏறும், இறங்கும் வேகம்). கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும்போது கண் நடுவிலுள்ள ஆட்டிட்யூட் இண்டிகேட்டரிலிருந்து பிற கருவிகளுக்குப் போய்ப் போய்த் திரும்பும் பழக்கம் இந்த ஒழுங்கின் மேல்தான் அமைகிறது. திரையில் இடம் மிச்சம் இருக்கிறது என்பதற்காக அதைக் குலைக்காதீர்கள். இடது விளிம்பில் 40 பிக்சலும், மேலே 60 பிக்சலும், கருவிகளுக்கிடையே 20 பிக்சலும் விட்டால், வேகமானிக்கு 40, 60, 270, 270. ஆட்டிட்யூட் இண்டிகேட்டருக்கு 330, 60, 270, 270. உயரமானிக்கு 620, 60, 270, 270. கீழ் வரிசை மூன்றுக்கும் இரண்டாவது எண் மட்டும் 350 ஆகும். வலப்புறம் மீதமுள்ள இடத்தில், கிடைமட்டம் 930 என்று வைத்து, தரையிலுள்ள வானொலி நிலையங்களைக் கொண்டு வழிகாட்டும் கருவிகளான இரு விஓஆர் கருவிகளை 60, 350 ஆகிய உயரங்களிலும் ஏடிஎஃப் கருவியை 640இலும் நிறுத்தலாம். எஞ்சின் சுழற்சி வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டர் 620, 640 என்ற புள்ளியில் அமரும். எரிபொருள், ஆயில் போன்ற சிறிய கருவிகள் 194 அளவில் 40, 640 என்றும் 254, 640 என்றும் இடதுபுறம் ஒதுங்கும்.

வட்டக் கருவிகளுக்கு அகலமும் உயரமும் ஒன்றே. டிரான்ஸ்பாண்டர், ரேடியோ போன்ற நீள்சதுரங்களுக்கு மூல வரியில் என்ன விகிதம் இருந்ததோ அதையே காப்பாற்ற வேண்டும். 200க்கு 50 என்று இருந்தால் 300க்கு 75 என்று போகலாம், 300க்கு 100 என்று போகக் கூடாது. விகாக்பிட் என்று தொடங்கும் பகுதிகள் முப்பரிமாணக் காக்பிட்டுக்கு உரியவை. அவற்றிலுள்ள எண்கள் விமானத்தின் உட்புறத்தில் ஒட்டப்படும் படத்தின் கணக்கு என்பதால் அங்கே எதையும் மாற்ற வேண்டியதில்லை.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் சிமுலேட்டரை மூடித் திறந்துகொண்டிருந்தால் பொழுது அதிலேயே போய்விடும். கண்ட்ரோல்ஸ் அமைப்பில் விமானத்தை மறுபடி ஏற்றும் கட்டளை ஒன்று இருக்கிறது. அதற்கு இயல்பாக விசை எதுவும் ஒதுக்கப்படவில்லை. ஒரு விசையை ஒதுக்கிக்கொண்டால், நோட்பேடில் சேமித்து, அந்த விசையை அழுத்தியதும் புதிய அமைப்பு உடனே தோன்றும். கடைசியில் ஸ்கேலைத் திரையின் மேல் வைத்துக் கருவியின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் 79 மில்லிமீட்டரை ஒட்டி வந்தால் கணக்கு சரி.

விண்டோவைப் பிரித்துக் கீழே கொண்டுபோதல்

சிமுலேட்டர் முழுத்திரையில் இருந்தால் ஆல்ட், என்டர் விசைகளைச் சேர்த்து அழுத்தி விண்டோ நிலைக்குக் கொண்டுவந்து, அந்த விண்டோவைப் பெரிதாக்கி மேல் திரையை நிரப்புங்கள். முழுத்திரை நிலையில் மெனுக்களும் பிரித்த விண்டோக்களும் ஒன்றன் பின் ஒன்று மறைவது உண்டு; சட்டம் தெரிகிறதே என்ற சிறு உறுத்தலைப் பொறுத்துக்கொண்டு விண்டோ நிலையிலேயே இருப்பது நிம்மதி. முதல் ஒன்பது விண்டோக்களை ஷிஃப்டுடன் 1 முதல் 9 வரையுள்ள எண்களால் திறக்கலாம். அதற்கு மேற்பட்டவற்றை வியூஸ் மெனுவில் இன்ஸ்ட்ருமென்ட் பேனல் என்பதற்குக் கீழே காணலாம். புதிய விண்டோ திறந்ததும் அதன் வெற்றிடத்தில் வலது சொடுக்கி அன்டாக் என்பதைத் தேர்ந்தெடுத்து, கீழ்த் திரைக்கு இழுத்து, மூலைகளைத் திரையின் விளிம்போடு பொருத்துங்கள். மேல் திரையில் பழைய பேனல் இன்னும் தெரிந்தால், டபிள்யூ விசையைத் தேவையான முறை அழுத்த அது மறைந்து வெளிக்காட்சி மட்டும் நிற்கும்.

இந்த நிலையில் விமானப் பயணத்தைச் சேமிக்க வேண்டும். அரைப்புள்ளி விசை அதற்கான உரையாடல் பெட்டியைத் திறக்கும். பிரித்த விண்டோக்களின் இருப்பிடமும் அந்தப் பயணக் கோப்பில் பதிவாகும். அதுவும் எழுத்துக் கோப்புதான் என்பதால், மவுஸால் சரியாகப் பொருந்தாத விண்டோவை, முன்பு குறித்துவைத்த 320, 1080 என்ற எண்களைக் கொண்டு நோட்பேடிலேயே ஓரிரு பிக்சல் நகர்த்தலாம். விமானத்தை மாற்றினால் பேனலும் மாறுவதால், நீங்கள் வழக்கமாக ஓட்டும் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பயணத்தைத் தனியாகச் சேமித்துவைப்பது அவசியம்.

அமைப்பு தானாகக் கலைவதற்கு வழக்கமான காரணம் சிமுலேட்டர் அல்ல, மின்சேமிப்பு. டிஸ்பிளேபோர்ட் வழியாக இணைத்த மானிட்டரை அணைத்தாலோ அது உறங்கினாலோ, அந்தத் திரை கழற்றப்பட்டதாகவே விண்டோஸ் எண்ணி அதிலிருந்த விண்டோக்களை முதன்மைத் திரைக்கு அள்ளிவிடும். மின்சேமிப்பு அமைப்பில் திரை அணைவதை நிறுத்திவிட்டு, எல்லா மானிட்டர்களும் ஒளிர்ந்த பிறகே சிமுலேட்டரைத் திறக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். இருபரிமாணக் கருவி விண்டோவைப் பிரிப்பதால் பளு அதிகம் கூடாது. ஆனால் நியூ வியூ வழியாக இன்னொரு வெளிக்காட்சியைத் திறந்து பக்கத் திரையில் போட்டால் உலகம் முழுவதும் இரண்டாம் முறை வரையப்படுகிறது. நொடிக்கான படங்களின் எண்ணிக்கை சட்டென்று விழும்.

மூன்று திரைகளை ஒன்றாக இணைத்தவர்களுக்கு

என்விடியாவின் சரவுண்டு அல்லது ஏஎம்டியின் ஐஃபினிட்டி மூலம் மூன்று திரைகளை ஒன்றாக்கியவர்களின் சிக்கல் வேறு வகையானது. மூன்று 1920 பிக்சல் திரைகள் சேர்ந்து 5760க்கு 1080 என்ற ஒரே திரையாகின்றன. பழைய பேனல்கள் 4க்கு 3 என்ற விகிதத்தில் வரையப்பட்டவை. அவை இந்த 16க்கு 3 திரையில் முழு அகலத்துக்கும் நீட்டப்படும்போது ஒவ்வொரு வட்டமும் உயரத்தைப்போல நான்கு மடங்கு அகலமாகிறது. உயரமானி அடுப்பிலிட்ட அப்பளத்தைப் போல ஆகிவிடும் இந்த நிலைக்கு மருந்து, பேனல் கோப்பிலுள்ள விண்டோ சைஸ், விண்டோ பாஸ் என்ற இரு வரிகள். இவை பிக்சலில் அமைந்தவை அல்ல. மொத்தத் திரையில் எத்தனை பங்கு என்று 0 முதல் 1 வரையிலான பின்னமாக எழுதப்படுபவை.

1080 பிக்சல் உயரம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் 4க்கு 3 பேனலின் இயல்பான அகலம் 1440. அதை 5760ஆல் வகுத்தால் 0.25. எனவே விண்டோ சைஸ் 0.25, 1.0. நடுவில் நிறுத்த, 1இலிருந்து 0.25ஐக் கழித்துப் பாதியாக்கினால் 0.375, ஆகவே விண்டோ பாஸ் 0.375, 0.0. நடுத்திரை 0.333இல் தொடங்கி 0.667இல் முடிவதால், 0.375 முதல் 0.625 வரை பரவும் இந்தப் பேனல் எந்த மானிட்டரின் சட்டத்திலும் இடறாது. ரேடியோ போன்ற சிறு விண்டோக்களையும் இதே கணக்கில் பக்கத் திரைகளின் உட்புற ஓரமாக ஒதுக்கலாம். வெளி ஓரத்தில் வைத்தால் ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்ப வேண்டியிருக்கும். சட்டங்களின் இடைவெளியை ஈடுகட்டும் பெஸல் கரெக்ஷனைச் செயற்படுத்தியிருந்தால் மொத்த அகலம் 5760ஐவிட அதிகமாகும். அப்போது அந்தப் புதிய எண்ணாலேயே வகுக்க வேண்டும்.

வெளிக்காட்சிக்கும் ஒரு திருத்தம் தேவை. எஃப்எஸ்எக்ஸ்.சிஎஃப்ஜி கோப்பின் டிஸ்பிளே பகுதியில் வைட்வியூஆஸ்பெக்ட் என்ற வரியை ட்ரூ என்று மாற்றாவிட்டால், அகலத்திரையில் காட்சி பக்கவாட்டில் விரிவதற்குப் பதிலாக மேலும் கீழும் வெட்டுப்பட்டு, மூக்கைச் சுவரில் வைத்துப் பார்ப்பது போல் இருக்கும்.

புதிய சிமுலேட்டர்களில்

2020இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் இருபரிமாணப் பேனல் என்பதே இல்லை. ஜி1000 போன்ற மின்னணுத் திரைகளின் மேல் சுட்டியை வைத்து, விசைப்பலகையின் வலது ஆல்ட் விசையை அழுத்தியபடி சொடுக்கினால் அவை தனி விண்டோவாக வெளியே வரும். முள் சுழலும் பழைய வகைக் கருவிகள் முப்பரிமாண உருவங்கள் என்பதால் அவ்வாறு வெளிவருவதில்லை. அவற்றைத் தனித் திரையில் பார்க்க விரும்புபவர்களுக்கு, சிமுலேட்டரிலிருந்து எண்களை மட்டும் பெற்றுக் கருவிகளைத் தானே வரையும் ஏர் மேனேஜர் போன்ற மென்பொருள் உதவும். அதைத் தனிக் கணினியில்கூட ஓட்டலாம். வெளியே எடுக்கும் ஒவ்வொரு திரையும் வேகத்தை ஓரளவு குறைக்கிறது. ஆகவே பறக்கும்போது உண்மையில் படிக்கும் திரைகளை மட்டும் எடுங்கள். முதன்மைப் பறப்புத் திரையையும் வரைபடத் திரையையும் தாண்டி மூன்றாவதாக ஒன்று பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

எக்ஸ்-பிளேனின் 11, 12ஆம் பதிப்புகளில் மின்னணுத் திரையைச் சொடுக்கினால் அது மிதக்கும் விண்டோவாக எழும்பும்; அதன் மூலையிலுள்ள பொத்தானால் அதைத் தனி விண்டோவாக்கி அடுத்த மானிட்டருக்கு அனுப்பலாம். வெளிக்காட்சிக்கு ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனியாகப் பார்வைக் கோணமும் பக்கவாட்டு விலகலும் கொடுக்க முடிவது எக்ஸ்-பிளேனின் பெரிய பலம். 531 மில்லிமீட்டர் அகலமுள்ள திரையை 600 மில்லிமீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால் அது கண்ணில் ஏறத்தாழ 48 பாகை கோணம் பிடிக்கும். மூன்று திரைகளுக்கும் பார்வைக் கோணத்தை 48 என்று வைத்து, இடத்திரைக்குக் குறை 48, வலத்திரைக்குக் கூட்டல் 48 என்று விலகலைக் கொடுத்து, மானிட்டர்களையும் அதே கோணத்தில் மடக்கி நிறுத்தினால், தொடுவானம் சட்டத்துக்குச் சட்டம் உடையாமல் ஓடும். சட்டத்தின் தடிமனுக்காக விலகலில் ஓரிரு பாகை கூட்ட வேண்டியிருக்கலாம்.

டிசிஎஸ் வேர்ல்டு என்ற சிமுலேட்டரில் போர் விமானம் ஓட்டுபவர்கள் மானிட்டர்செட்டப் கோப்புறையிலுள்ள, லுவா என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட கோப்பைத் திருத்துகிறார்கள். எல்லாத் திரைகளையும் உள்ளடக்கும் ஒரு பெரிய செவ்வகத்தைத் தெளிவுத்திறனாகத் தட்டச்சு செய்ய வேண்டும் என்பதே அங்கு வேறுபாடு. நம் எடுத்துக்காட்டு அமைப்பில் அது 1920க்கு 2104, அதாவது 1080உடன் 1024ஐக் கூட்டியது. சென்டர் என்ற காட்சிப் பகுதிக்கு 0, 0, 1920, 1080 என்றும், ஆஸ்பெக்ட் வரியில் 1.7778 என்றும் எழுத வேண்டும். மொத்தச் செவ்வகத்தின் விகிதத்தை அங்கே எழுதிவிட்டால் வெளிக்காட்சி ஒடுங்கிப்போகும். ஏ-10சி விமானத்தின் இடது, வலது எம்எஃப்சிடி எனப்படும் பல்பயன் வண்ணத் திரைகள் சதுரமானவை. கீழ்த் திரையின் 1280 பிக்சலை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 640க்கு 640 கிடைக்கும்: இடத்திரைக்கு 320, 1080 என்ற புள்ளி, வலத்திரைக்கு 960, 1080. இரு பகுதிகளும் எழுதப்பட்ட கோப்பைச் சேமித்து, சிமுலேட்டரின் அமைப்புப் பக்கத்தில் மானிட்டர்ஸ் பட்டியலில் அதன் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். சிமுலேட்டரைப் புதுப்பிக்கும்போது கோப்பு அழிந்துவிடாமலிருக்க, அதை நிறுவல் கோப்புறையில் வைக்காமல் சேவ்டு கேம்ஸ் கோப்புறையில் டிசிஎஸ்ஸுக்குரிய கான்ஃபிக் பகுதிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.